ஆயுள் போதாதா, ஆற்றல் போதாதா? இமாம் தபரீயின் கேள்வியும் மாணவர் விடையும்

பாக்தாத் நகரில் இமாம் அபூ ஜஅஃபர் முஹம்மது இப்னு ஜரீர் அத்தபரீ (ரஹ்) அவர்கள் ஒருநாள் தம் மாணவர்களை நோக்கி, திருக்குர்ஆன் விரிவுரையொன்றை எழுதிக்கொள்ளும் ஊக்கம் உங்களிடம் உண்டா என வினவினார்கள். அது எவ்வளவு நீளும் என்று மாணவர்கள் கேட்டனர். முப்பதாயிரம் ஏடுகள் என்றார்கள் இமாம். அது முடியுமுன் ஆயுளே முடிந்துவிடுமே என்று மாணவர்கள் மலைத்தனர். எனவே இமாம் அதனை ஏறத்தாழ மூவாயிரம் ஏடுகளாகச் சுருக்கினார்கள். பின்னர், ஆதம் (அலை) அவர்கள் முதல் தம் காலம் வரையிலான உலக வரலாற்றைக் குறித்தும் அதே கேள்வியை எழுப்பினார்கள்; அதே விடையே வந்தது. இம்முறை இமாம் 'இன்னா லில்லாஹி' எனக் கூறி, ஹிம்மத்துகள் மாண்டுபோயின என்று வருந்தினார்கள். வரலாறும் அதே அளவுக்குச் சுருங்கியது.

கத்தீப் அல்-பக்தாதீ (மறைவு ஹி. 463 / கி.பி. 1071) தமது பாக்தாத் வரலாற்றில் பதிவு செய்துள்ள இச்செய்தி, நம் மேடைகளில் பலமுறை ஒலித்ததுதான். பெரும்பாலும் அது மாணவர்களை நாணச் செய்வதற்காகவே எடுத்துரைக்கப்படுகிறது. ஆயினும் அதன் சொற்களைச் சற்று நின்று நோக்கினால், ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர் என்பது புலனாகும். இமாம் கேட்டது 'நஷாத்' பற்றி. அதாவது உடலும் உள்ளமும் ஒருங்கே துடிப்புடன் எழும் நிலை. மாணவர்கள் விடையிறுத்தது 'உமுர்' பற்றி. அதாவது ஆயுள், காலத்தின் அளவு. இமாம் இறுதியில் வருந்தியது 'ஹிம்மத்' பற்றி. ஆற்றல் உண்டா என்று கேட்டவருக்குக் காலம் இல்லை என்று பதில் கிடைத்தது. மனிதன் செய்யக்கூடிய பணியின் எல்லையை வகுப்பது அவனுக்குக் கிடைக்கும் காலமா, அவனிடமுள்ள ஆற்றலா என்னும் வினாவை இதைவிடச் சுருக்கமாக எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியை நமது அறிவு மரபில் நான் கண்டதில்லை.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம்? எண்களைக் கொண்டே பார்க்கலாம்.

ஹிஜ்ரி 224ஆம் ஆண்டின் இறுதியிலோ 225இன் தொடக்கத்திலோ (கி.பி. 839) தபரிஸ்தானத்தின் ஆமுல் நகரில் பிறந்த இமாம் அவர்கள், ஹி. 310இல் (கி.பி. 923) பாக்தாதில் மறைந்தார்கள். அவர்கள் நாளொன்றுக்கு நாற்பது ஏடுகள் வீதம் நாற்பது ஆண்டுகள் எழுதினார்கள் என்பது பரவலான அறிவிப்பு. மற்றோர் அறிவிப்பும் உண்டு. அவர்கள் பருவமடைந்த நாள் முதல் மறைந்த நாள் வரையிலான காலத்தை மாணவர் சிலர் கணக்கிட்டு, அவர்கள் எழுதிய ஏடுகள் அனைத்தையும் அந்நாட்களுக்குப் பகிர்ந்தளித்தபோது, நாளுக்குப் பதினான்கு ஏடுகள் வந்தனவாம். முதற்கணக்கின்படி மொத்தம் ஐந்தரை லட்சத்துக்கு மேல்; இரண்டாவதன்படி ஏறத்தாழ மூன்றரை லட்சம். இடையே இரண்டு லட்சம் ஏடுகள் காணாமற் போகின்றன. (அரபியில் 'வரகா' எனப்படுவது இருபுறமும் எழுதப்படும் ஓர் ஏடு. தமிழில் இதனைப் 'பக்கம்' என்று பெயர்ப்போர், இமாமின் உழைப்பைத் தம்மையறியாமலே பாதியாக்கி விடுகின்றனர்.) நாற்பது என்பது அரபு மரபில் மிகுதியைக் குறிக்கும் எண்ணாகவும் வழங்குவதால், முதல் அறிவிப்பை ஓர் அன்பு மிகுந்த மாணவரின் வியப்பாகவும், இரண்டாவதை ஒரு கணக்கரின் பதிவாகவும் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எனினும் ஒரு வாதத்திற்காக நாற்பதையே ஏற்றுக்கொள்வோம். அவ்வேகத்தில் முப்பதாயிரம் ஏடுகளை எழுத 750 நாட்கள் போதும். ஈராண்டுகளுக்குச் சற்று அதிகம். அப்படியாயின் ஆயுள் தீர்ந்துவிடும் என்ற மாணவர்களின் பேச்சு வெறும் சோம்பலா?

இல்லை. இமாம் அவர்கள் சொல்லச்சொல்ல, தாம் அந்தத் தஃப்ஸீரை எழுதிக்கொண்டது ஹி. 283 முதல் 290 வரை என்று இப்னு பாலவைஹ் என்பார் கூறியதாக ஒரு குறிப்பு உண்டு. அதாவது ஏழு ஆண்டுகள். சுருக்கப்பட்ட மூவாயிரம் ஏடுகளுக்கே ஏழாண்டுகள் எனில், சுருக்காத முப்பதாயிரத்திற்கு எழுபது ஆண்டுகள் ஆகும். மாணவர்களின் விடை மிகையன்று. ஏறத்தாழச் சரியான கணக்கு. ஆசிரியரின் கணக்கில் இரண்டு ஆண்டு. மாணவரின் கணக்கில் ஒரு முழு ஆயுள். இருவர் தலைமேலும் ஓடிய சூரியன் ஒன்றுதான்; இருவருக்கும் இரவும் பகலும் சமமாகவே அளக்கப்பட்டன. ஒருவர் நாள் மற்றவர் நாளைவிட முப்பது மடங்கு கொண்டதாக இருந்ததென்றால், வேறுபாட்டைக் காலத்தில் தேடிப் பயனில்லை. ஆனாலும் ஆற்றல் குறைந்தவனுக்கு அந்தக் குறை முதலில் தென்படுவது காலக் குறையாகவே. தனக்கு வலு போதாது என்பதை மனிதன் நேரம் போதாது என்றே உணர்கிறான். மாணவர்கள் பொய் சொல்லவில்லை. தாம் உணர்ந்த வடிவில் உண்மையைச் சொன்னார்கள்.

இனி, அந்த ஆற்றல் இமாமுக்கு எவ்வாறு வாய்த்தது? யாகூத் அல்-ஹமவீ (மறைவு ஹி. 626 / கி.பி. 1229) தம் அறிஞர் வரலாற்றுக் களஞ்சியத்தில், இமாமின் அன்றாட வாழ்வை அவர்களை நேரில் அறிந்தோரின் வாய்மொழியாக வரைந்துள்ளார். மதிய உணவுக்குப் பின் இமாம் அவர்கள் உறங்குவார்கள். சந்தனமும் பன்னீரும் தோய்த்த குறுங்கைச் சட்டை அணிந்து, கோடையின் வெம்மை தணிக்க நனைத்துக் கட்டப்படும் முரட்டு நார்த்துணியின் நிழலில், நம் நாட்டில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டதைப் போன்ற ஏற்பாட்டில், அந்த உறக்கம் அமையும். எழுந்து லுஹர் தொழுது, அசர் வரை எழுதுவார்கள். அசரை ஜமாஅத்துடன் தொழுதபின் மஃரிப் வரை மக்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்க அமர்வார்கள். மஃரிபிலிருந்து இஷா வரை ஃபிக்ஹுப் பாடம். அதன்பின் இல்லம் ஏகுவார்கள்.

நாற்பது ஏடுகளைப் பற்றிப் பேசும் நாம், இந்தச் சந்தனச் சட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. எழுதும் வேளைக்கு முன்னதாக உறக்கம் வைக்கப்பட்டுள்ளது. தலை தெளிந்திருக்கும் வேளையில் எழுத்து. குரலும் செவியும் மட்டும் உழைத்தால் போதுமான வேளையில் ஓதிக்கொடுத்தல். பலகாலம் பழகி நாவில் ஊறிப்போன சட்டப்பாடம் இரவில். இதனைக் கால அட்டவணை என்று அழைக்கலாம்தான். ஆனால் அதை வகுத்தவர் மணிகளை எண்ணி வகுக்கவில்லை. தம் உடல் எந்நேரம் எதற்கு இணங்கும் என்பதை அறிந்து வகுத்தார்கள்.

இங்கே அண்மைக் கால நூலொன்றைக் குறிப்பிட வேண்டும். ஹலப் நகரத்து அறிஞர் ஷைகு அப்துல் ஃபத்தாஹ் அபூ குத்தா (1917–1997) அவர்கள், அறிஞர்களிடத்தில் காலத்தின் மதிப்பு என்னும் பொருளில் அரபியில் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. தபரீயின் நாற்பது ஏடுகளும், இனி நாம் காணவிருக்கும் பிறர் செய்திகள் பலவும் அதில் உள்ளன. நம் பயான்களிலும் இதழ்களிலும் வரும் 'நேரத்தின் அருமை' பேச்சுகள் பலவற்றுக்கு ஊற்று அதுவே. அதே பெருந்தகை, மணவாழ்வைத் துறந்து அறிவைத் தேர்ந்த அறிஞர்களைப் பற்றியும் தனியொரு நூல் எழுதினார்கள். தபரீயும், நவவீயும் அதில் இடம்பெறுகின்றனர். முதல் நூலைப் படித்தோர் பலர். இரண்டாவதைச் சேர்த்துப் படித்தோர் சிலர். இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பவருக்கு, முதல் நூலில் வியந்த ஏடுகள் எந்த வீட்டில் எழுதப்பட்டன என்பதும் தெரியவரும். தபரீ அவர்களுக்கு மனைவி மக்கள் இல்லை. தபரிஸ்தானத்தில் தந்தை விட்டுச்சென்ற நிலத்தின் வருவாய் பாக்தாதுக்கு வந்து சேரும். இளமையில் ஒருமுறை அது வரத் தாமதித்தபோது, சட்டையின் கைகளைக் கிழித்து விற்றுண்ணும் நிலை அவர்களுக்கு நேர்ந்தது என்கிறார்கள்.

காலமும் ஆற்றலும் இரு வேறு அருட்கொடைகள் என்பது நம் மார்க்கத்தின் மூலங்களிலேயே தெளிவாக உள்ளது. மனிதரில் பெரும்பாலோர் ஏமாந்துபோகும் அருட்கொடைகள் இரண்டு. உடல்நலமும் ஓய்வும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழியை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார்கள். ஏமாறுதல் என்பதற்கு அங்கே வந்துள்ள சொல் 'கப்ன்' என்னும் வேரில் பிறந்தது. அது சந்தைச் சொல். விலை தெரியாமல் பண்டத்தைக் குறைத்து விற்று நட்டமடைவதைக் குறிப்பது. இதற்கு இமாம் இப்னுல் ஜவ்ஸீ (மறைவு ஹி. 597 / கி.பி. 1201) அளித்த விளக்கத்தை ஹாஃபிழ் இப்னு ஹஜர் எடுத்தாள்கிறார்கள். ஒருவன் நலமாக இருப்பான், பிழைப்பின் நெருக்கடியால் ஓய்விருக்காது. மற்றொருவனுக்கு ஓய்விருக்கும், நலமிருக்காது. இரண்டும் கூடியிருந்தும் சோம்பல் மிகைத்துவிட்டவனே நட்டமடைந்தவன் என்பது அதன் சாரம்.

இவ்விளக்கத்தின் நுட்பம் பலர் கண்ணுக்குத் தப்புகிறது. இரண்டும் கூடாதவனை அது நட்டவாளியாகக் கணக்கிடவில்லை. ஓய்வின்றி உழைப்பவனும், நோயுற்றுக் கிடப்பவனும் அந்தப் பழியிலிருந்து விலக்கப்படுகின்றனர். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் இறைவன் சுமத்துவதில்லை என்னும் அல்பகரா அத்தியாய இறுதி வசனத்திலும் அளவுகோலாக நிற்பது 'வுஸ்உ', அதாவது கொள்ளளவு, காலமன்று. அல்அஸ்ர் அத்தியாயத்திலோ காலத்தின் மீது சத்தியமிடப்பட்டு, மனிதன் நட்டத்தில் இருப்பது சுட்டப்படுகிறது. அதன் பொருளைத் தாம் ஒரு பனிக்கட்டி வியாபாரியிடம் கற்றதாக முன்னோர் ஒருவர் கூறினார் என்று இமாம் ராஸீ எழுதுகிறார்கள். தன் முதல் உருகிக்கொண்டிருப்பவனுக்கு இரங்குங்கள் என்று அவன் சந்தையில் கூவினானாம். உருகுவது காலம் மட்டுமன்று. அதைக் கையில் ஏந்தியிருப்பவனின் வலுவும் அதனோடு உருகுகிறது என்பது நான் சேர்த்துக்கொள்ளும் உரை.

தபரீ அவர்கள் மாணவரிடம் வினவிய அதே 'நஷாத்', நபிமொழியொன்றிலும் வருகிறது. பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கக் கண்ட நபிகளார் (ஸல்) அது என்னவென்று கேட்டார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் தொழுகையில் சோர்வுறும்போது பற்றிக்கொள்வதற்காகக் கட்டியது என்று கூறப்பட்டது. அதை அவிழ்த்துவிடப் பணித்த நபிகளார், நஷாத் இருக்கும்வரை தொழட்டும், தளர்ந்தால் அமரட்டும் என்றார்கள். இரவு இன்னும் மீதமிருந்தது. ஆனால் தொழுகையின் எல்லை இரவின் எல்லையால் வரையறுக்கப்படவில்லை.

அறிஞர்களில் இதை நன்குணர்ந்து நடந்தவர் இப்னுல் ஜவ்ஸீ எனலாம். தம் சிந்தனைக் குறிப்பேடாகிய 'ஸைதுல் காத்திர்' நூலில், வேலையற்ற விருந்தினர் வந்து அமர்ந்து வீண்பேச்சில் பொழுதைக் கரைப்பதைப் பற்றி அவர்கள் நொந்துகொள்கிறார்கள். வராதே என்றால் உறவு முறியும். வரவிட்டால் நேரம் போகும். எனவே அத்தகைய வேளைகளுக்கென்றே சில பணிகளைச் சேமித்து வைத்தார்கள்: காகிதம் வெட்டுதல், எழுதுகோல் சீவுதல், குறிப்பேடுகளைக் கட்டுதல். இவை தேவையான பணிகள். ஆனால் சிந்தனையோ மன ஓர்மையோ வேண்டாதவை என்று காரணத்தையும் அவர்களே கூறுகிறார்கள். இந்தச் செய்தி நேரத்தைச் சேமித்த கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. எனக்கோ இது, மனத்தின் வலுவைச் சேமித்த கதையாகவே தோன்றுகிறது. விருந்தினர் இருக்கும்போது எழுதுகோல் சீவியதால், விருந்தினர் அகன்றபின் கிடைத்த தெளிந்த வேளையைச் சீவுவதில் செலவிட வேண்டியிருக்கவில்லை. ஹதீஸ் எழுதிய எழுதுகோல்களின் சீவல்கள் சேர்ந்து, அவர்களின் இறுதிக் குளிப்பாட்டலுக்கு நீர் காய்ச்சப் போதுமானவையாக இருந்தன என இப்னு கல்லிகான் எடுத்துரைக்கும் செய்தியும் உண்டு.

எல்லா மணிகளும் ஒருதரமல்ல என்பதை, நாம் முன்பு கண்ட கத்தீப் அல்-பக்தாதீ சட்டம் போலவே வகுத்துள்ளார்கள். மனனத்திற்கு மிகச் சிறந்தது ஸஹர் வேளை, அடுத்து நண்பகல், அடுத்து காலைப் பொழுது, மாலை அன்று. கீழ்த்தளத்தைவிட மேல்மாடம் நன்று. நிறைந்த வயிற்றைவிடப் பசித்த வயிறு நன்று. நம் சமுதாயத்தில் இதற்கெல்லாம் 'பரக்கத்' என்று ஒரே சொல்லில் விடை கூறுவோர் உண்டு. பரக்கத்தை அளக்கும் தராசு வரலாற்றாசிரியனிடம் இல்லை. அதை மறுப்பதும் அவன் வேலையன்று. ஆனால் தம் சமுதாயத்திற்கு அதன் அதிகாலையில் பரக்கத் அளிக்குமாறு நபிகளார் வேண்டியதை அறிவிக்கும் ஸக்ர் அல்-காமிதீ (ரலி) ஒரு வணிகர். தம் சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பி வைத்துச் செல்வந்தரானவர். பரக்கத் வேண்டப்பட்ட அப்பொழுதே, உடல் உறங்கித் தெளிந்தெழும் பொழுதாகவும் அமைந்திருப்பதைக் காண்கிறோம்.

ஆற்றலே எல்லையென்று அறிந்தோர், அதனை மருந்தால் நீட்டவும் முயன்றனர். நினைவாற்றலுக்காக அக்காலத்தில் உண்ணப்பட்டது 'பலாதுர்'. நம் சித்த மருத்துவர் சுத்தி செய்தன்றித் தொடாத சேங்கொட்டை அதுவே. இந்தியாவிலிருந்து சென்ற சரக்கு. இப்னுல் ஜவ்ஸீ அதனை அருந்தி, தாடி உதிர்ந்து, பின்னர் மிகக் குறுகியதாகவே வளர்ந்தது என்று தஹபீ எழுதுகிறார்கள். அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், வெற்றிகளின் வரலாறு எழுதிய அறிஞர் ஒருவர் அதனை அறியாது அருந்தி, சித்தம் கலங்கி இறந்ததாகக் கூறுவர். அந்தக் கொட்டையின் பெயரே அவருக்குப் பெயராகி, இன்றும் 'பலாதுரீ' என்றே அறியப்படுகிறார். நாளை நீட்ட மருந்தில்லை என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. வலுவை நீட்ட உண்டு என்று நம்பினர்.

எதிர்வாதம் இல்லாமலில்லை. ஹன்பலீ அறிஞர் இப்னு அகீல் (மறைவு ஹி. 513 / கி.பி. 1119) காலத்தையே கைப்பொருளாகக் கருதியவர். ரொட்டியை மெல்லும் நேரம்கூட வீணாகும் என்று 'கஃக்' எனப்படும் உலர்ந்த ரொட்டியைத் தூளாக்கி நீரோடு விழுங்கியவர். எண்பதை ஒட்டிய வயதில் தமக்குள்ள அறிவு வேட்கை, இருபது வயதில் இருந்ததைவிட வலிமையானது என்று அவரே எழுதியுள்ளார். அப்படியாயின் ஆற்றல் தேய்வதில்லை. குறைவது காலம் மட்டுமே என்றாகிறதல்லவா? பல நூறு பாகங்கள் கொண்டதெனக் கூறப்படும் அவரது 'அல்-ஃபுனூன்' நூலில் எஞ்சிய ஒரு பகுதியை ஜார்ஜ் மக்திஸீ என்னும் ஆய்வாளர் 1970–71இல் பெய்ரூத்தில் பதிப்பித்தார். அத்தகையதொரு பெருங்கடலை ஆக்கியவரின் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் அவர் வாக்குமூலத்திலேயே ஒரு குறிப்பு உள்ளது. வாதத்தில் நாவும், வாசிப்பில் கண்ணும் ஓய்ந்தபின், தாம் படுத்திருந்தவாறே சிந்தையை உழைக்கவிடுவதாக அவர் கூறுகிறார். நாவும் கண்ணும் ஓய்கின்றன என்பதை அவரும் ஒப்புக்கொண்டே, ஓயாத உறுப்பிடம் வேலையை ஒப்படைக்கிறார். வேட்கை முதிராமலிருந்தது உண்மை. மெல்லும் பல் முதிர்ந்திருக்கக் கூடும் என்று ஒரு புன்னகையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வினாவின் முழுச் சுமையையும் தம் வாழ்வில் தாங்கியவர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களே. ஷாஃபியீ மத்ஹபைச் சார்ந்த தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களுக்கு அவர்கள் அந்நியரல்லர். அவர்களின் நாற்பது நபிமொழிகளும் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' தொகுப்பும் தமிழிலேயே ஓதப்படுகின்றன. ஹி. 631இல் (கி.பி. 1233) சிரியாவின் நவா என்னும் சிற்றூரில் பிறந்து, 649இல் திமிஷ்க் வந்து ரவாஹிய்யா மத்ரஸாவில் தங்கினார்கள். முதல் ஈராண்டுகள் தரையில் விலாவைச் சாய்க்கவே இல்லை. உறக்கம் மிகைத்தால் நூல்கள் மீது சற்றுச் சாய்ந்து விழித்துக்கொள்வார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாடங்கள். இரவில் ஒருவேளை உணவு. ஸஹரில் ஒருமுறை நீர். வெள்ளரிக்காய் உடலில் ஈரத்தை ஏற்றி உறக்கம் வருவிக்கும் என்று அதனையும் தவிர்த்தார்கள். ஊரிலிருந்து தந்தை அனுப்பிய உணவே உணவு. இவற்றையெல்லாம் அவர்களின் அணுக்க மாணவர் இப்னுல் அத்தார் பதிவு செய்துள்ளார்.

அதே மாணவர் மற்றொன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மருத்துவம் பயில விழைந்த இமாம், இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலை விலைக்கு வாங்கினார்கள். உடனே உள்ளம் இருண்டது. பல நாட்கள் எந்த வேலையும் செய்ய இயலாமல் போயிற்று. பின்னர் காரணத்தை உணர்ந்து நூலை விற்றுவிட்டார்கள். உள்ளம் மீண்டும் ஒளிபெற்றது. இதன் ஆன்மிக விளக்கம் அவர்களுடையது. அதில் நாம் தலையிடோம். நிகழ்ச்சியை மட்டும் நோக்குவோம். பன்னிரண்டு பாடங்களுக்கு நடுவே பதின்மூன்றாவதற்கு நேரம் கிடைத்திருந்தது. நூலும் கையிலிருந்தது. கிடைக்காதது வேறொன்று, அது இல்லாதபோது, முன்பிருந்த பன்னிரண்டும் சேர்ந்தே நின்றுபோயின.

ஹி. 676 ரஜப் மாதத்தில் (கி.பி. 1277) தம் ஊரில், தந்தையின் இல்லத்தில், நாற்பத்தைந்து ஆண்டுகளே நிறைந்த நிலையில் (சந்திரக் கணக்கு) இமாம் நவவீ மறைந்தார்கள். உழைப்பே உயிரைக் குடித்தது எனக் கூறச் சான்றில்லை. அவ்வாறு கூறுவது துணிவாகும். அவர்களின் ஆக்கங்களில் விரிவானதாகிய 'அல்-மஜ்மூஉ' வணிகச் சட்டங்களில் வட்டி பற்றிய பகுதியோடு நிற்கிறது. அதனைத் தொடர முற்பட்ட தகிய்யுத்தீன் சுப்கீயாலும் (மறைவு ஹி. 756 / கி.பி. 1355) முடிக்க இயலவில்லை.

வியப்புக்குரியது என்னவெனில், 'ரியாளுஸ் ஸாலிஹீன்' தொகுப்பில் வழிபாட்டில் நடுநிலை பேணுதல் பற்றிய தனி அத்தியாயத்தை அமைத்தவர்கள் இதே இமாமே. ஸைனப் (ரலி) அவர்களின் கயிறு அங்கே இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் செய்தியும் அங்கே இருக்கிறது. தினமும் நோன்பு, ஒவ்வோர் இரவும் முழுக் குர்ஆன் என்றிருந்த அந்த இளைஞரிடம், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் உரிமையுண்டு என்று நபிகளார் (ஸல்) எடுத்துரைத்தார்கள். அவரோ இதற்கு மேலும் எனக்குச் சக்தி உண்டு என்று திரும்பத் திரும்ப வேண்டினார். இறுதியில் ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு, ஏழு நாளில் ஒரு குர்ஆன் என்று முடிவாயிற்று. முதுமை வந்தது. இரவில் ஓதவேண்டிய பகுதியை, இரவு இலகுவாகட்டும் என்று பகலிலேயே வீட்டாரிடம் ஓதிக்காட்டத் தொடங்கினார். உடல் தேறவேண்டுமென்றால் சில நாட்கள் நோன்பை விட்டு, விட்டவற்றை எண்ணி வைத்துப் பின்னர் அத்தனையையும் நோற்றார். அன்று நபிகளார் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார். இளமையில் அவர் கணக்கிட்டது கையிலிருந்த வலுவை. நபிகளார் கணக்கிட்டது அது தேயப்போவதையும் சேர்த்து.

ஒருவரின் ஆற்றல் என்று நாம் எழுதுவது, பல வேளைகளில் பலரின் ஆற்றல் என்பதையும் விட்டுவிடலாகாது. ஹதீஸ் கலையின் முன்னோடி இமாம் ஸுஹ்ரீ (மறைவு ஹி. 124 / கி.பி. 742) வீட்டில் நூல்களைச் சுற்றிப் பரப்பி அமர்ந்துவிடுவார்கள், மூன்று சக்களத்திகளைவிட இந்நூல்கள் எனக்குக் கொடியவை என்று அவர்களின் மனைவி கூறியதை இப்னு கல்லிகான் பாதுகாத்துத் தந்துள்ளார். அந்த அம்மையார் சுமந்தது எத்தனை ஏடு என்று எவரும் எண்ணவில்லை. மக்காவில் ஸஹீஹுல் புகாரீ கற்பித்த கரீமா அல்-மர்வஸிய்யா அம்மையாரிடம், ஹஜ்ஜுக்குச் சென்ற கத்தீப் அல்-பக்தாதீ அந்நூல் முழுவதையும் ஐந்தே நாட்களில் ஓதி முடித்தார்கள். அந்த ஐந்து நாட்களைக் கத்தீபின் வேகத்திற்குச் சான்றாகக் கூறுகிறோம்; எதிரே நூலை வைத்துக்கொண்டு பிழை திருத்தியவாறு அமர்ந்திருந்த முதிய பெண்மணிக்கும் அதே ஐந்து நாட்கள்தாம். கரீமா அம்மையாரும் மணம் புரியாதவர்.

இன்று பஜ்ருக்கு முன் எழுந்து இஷாவுக்குப் பின்வரை கிதாபுடன் அமர்ந்திருக்கும் மத்ரஸா மாணவனிடம் நாற்பது ஏடுகளையும் நவவீயின் ஈராண்டுகளையும் சொல்லும்போது, சந்தனச் சட்டையையும் கயிற்றையும் சேர்த்துச் சொல்வதே அறிவிப்பு நேர்மை. கடிகாரத்தைக் காட்டி அவனைக் குற்றவாளியாக்குவதற்கு இந்த வரலாறுகள் எழுதப்படவில்லை.

தபரீயின் மாணவர்களிடம் திரும்புவோம். ஹிம்மத் மாண்டுபோனதாகச் சொல்லப்பட்ட அவர்களே, ஏழாண்டுகள் அமர்ந்து மூவாயிரம் ஏடுகளை எழுதி முடித்தார்கள். அவர்களில் ஒருவரான இப்னு பாலவைஹிடமிருந்து அந்தப் பிரதியை, நைசாப்பூரின் பேரறிஞர் இப்னு குஸைமா (மறைவு ஹி. 311 / கி.பி. 924) இரவல் வாங்கினார்கள். திருப்பித் தந்தது சில ஆண்டுகள் கழித்து. முதலிலிருந்து இறுதிவரை பார்த்துவிட்டதாகவும், பூமியின் மீது இப்னு ஜரீரைவிடக் கற்றவர் எவரையும் தாம் அறியவில்லை என்றும் அப்போது கூறினார்கள்.